மூன்றாவது வரிசை, நான்காவது குழி

அத்தியாயம் ஒன்பது

அந்த நாளை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். வியாழக்கிழமை என்பது மட்டும் உறுதி. எங்கள் ஆய்வகத்தில் ரத்தச் சோதனைக்குத் தட்டு போடுவது வியாழன்களில்தான். ஆனால் அக்கா அன்று நீலச் சட்டை போட்டிருந்தாளா, சாம்பல் நிறமா என்று கேட்டால் இரண்டுமே கண்முன் வருகின்றன. மாமா, அதாவது அக்காவின் கணவர், பேசியதாக நான் எழுதப் போகும் ஒரு வரியை, தான் சொல்லவே இல்லை என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார்.

அன்று கண்ணால் பார்த்ததையே தப்பாகப் பார்த்தவள் நான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிப்பது நல்லது.

எட்டு வாரமாக உடன் வருபவர்களுக்கு அக்காவைத் தெரியும். இன்றைக்குத்தான் வருகிறவர்களுக்கு இவ்வளவு போதும்: என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வயது ஐம்பத்திரண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் சினைப்பையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது அது வயிற்றுக்குள் நன்றாகப் பரவியிருந்தது. ஆபரேஷன், ஆறு முறை மருந்து, அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் தொந்தரவு இல்லை. போன மாதம் அந்த எண் ஏறிவிட்டது.

சிஏ நூற்றிருபத்தைந்து என்று ஒரு ரத்தப் பரிசோதனை. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. அக்காவுக்கு அது 'மார்க்'.

"இந்தத் தடவை மார்க் ஜாஸ்தி வாங்கிட்டேன். ஃபெயில்" என்றாள், தாளை மேசையில் வைத்துவிட்டு. நோய் திரும்பிவிட்டது என்று ஸ்கேனும் சொன்னது.

இனி வாரம் ஒரு முறை ட்ரிப்ஸில் மருந்து, பதினெட்டு வாரம் என்றார் அக்காவைப் பார்க்கும் பெரிய டாக்டர். பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெள்ளிக்கிழமை காலைக்குள் பதில் சொல்லுங்கள். இதற்கிடையில், விமானத்தில் ஏழு மணி நேரம் தள்ளியிருக்கும் மகளுக்கு ஆறு வாரத்தில் பிரசவம். அக்கா மூன்று மாதம் அங்கே போய் இருப்பதாக ஏற்பாடு. ட்ரிப்ஸ் என்றால் பயணம் இல்லை. பயணம் என்றால் ட்ரிப்ஸ் இல்லை.

அந்த வெள்ளிக்கு முந்தைய நாள்தான் இந்த வியாழன்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் பின்கட்டில், இரண்டாம் மாடியில். ஜன்னல் ஒன்றே ஒன்று. அதற்கு எதிரே மைனஸ் எண்பது டிகிரியில் ஓடும் குளிர்ப்பெட்டி. அதற்குள் நானூறு பெண்களின் ரத்தம் இருந்தது. எல்லோருக்கும் அக்காவுக்கு வந்த அதே நோய், அதே முற்றிய நிலை. சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த ரத்தம்.

எங்கள் ஆய்வின் கேள்வி எளிது. ரத்தத்தில் சில புரதங்கள் அதிகமாக இருந்தவர்கள் எத்தனை நாள் உயிரோடு இருந்தார்கள்? குறைவாக இருந்தவர்கள் எத்தனை நாள்? மொத்தம் பன்னிரண்டு புரதங்கள். பெயர்கள் வாயில் நுழையாது என்பதால் ஒன்று, இரண்டு என்றுதான் சொல்வோம். அதில் ஏழாம் நம்பர்தான் எல்லோருக்கும் பிடித்தமான பிள்ளை. முதல் இருநூறு பேரின் கணக்கு முடிந்திருந்தது. ஏழு அதிகமாக இருந்தவர்களில் பெரும்பாலோர் சீக்கிரம் போய்விட்டார்கள்.

ட்யூப்களில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். யாருடையது எது என்று வேலை செய்கிறவருக்குத் தெரியக்கூடாது. சொந்தக்காரர்கள் யாராவது ஆய்வில் இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு அந்தத் தட்டிலிருந்து விலகிவிட வேண்டும் என்று ஒரு படிவமும் உண்டு. நான் சேர்ந்த வருடம் அதில் 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது அது உண்மை.

அக்காவின் ரத்தம் வந்த அன்று நான் வேறு படிவம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விலகியிருக்க வேண்டும். ஏனோ அவள் ரத்தத்தை வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் செய்தேன். ட்யூப் மூடியைச் சுற்றி நாங்கள் டேப் ஒட்டுவோம். கையுறை போட்ட விரலால் பிரிக்க வசதியாக நுனியைக் கொஞ்சம் மடித்து ஒரு காது விடுவோம். அக்காவின் ட்யூபுக்கு மட்டும் காதை இரண்டு முறை மடித்தேன். அடையாளத்துக்காகச் செய்யவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை நாற்பது ட்யூப்களை எடுத்து உருக வைத்தபோது மூன்றாவது வரிசையில் அந்த இரட்டைக் காது இருந்தது.

வேலையை நிறுத்தியிருக்கலாம். பக்கத்து மேசைக்காரியிடம் "இதை நீ போடு, எனக்குத் தலைவலி" என்று சொல்லியிருக்கலாம். நான் துளி அளந்து ஊற்றும் பிப்பெட்டை எடுத்தேன். ஒவ்வொருவரின் சீரமும், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரும், பக்கம் பக்கமாக இரண்டு குழிகளில் போக வேண்டும். அக்காவுக்கு மூன்றாவது வரிசையில் நான்காவது, ஐந்தாவது குழிகள்.

தட்டு என்பது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பலகை. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. கடைசியில் மஞ்சள் நிறம் வரும். புரதம் எவ்வளவு அதிகமோ மஞ்சள் அவ்வளவு அடர்த்தி. அன்றைய தட்டு ஏழாம் நம்பருக்கானது.

இங்கே எங்கள் ஆய்வகத்தின் தலைமை டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அம்மா எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். "ஆனால்..." என்று நிறுத்திவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். அதனால் ஆய்வகத்தில் அவர் பெயர் அரைப்புள்ளி. அது அவருக்கும் தெரியும்.

அரைப்புள்ளி அம்மாவின் ஏற்பாடு ஒன்று எங்கள் தட்டுகளில் உண்டு. வேறு இடங்களில் நான் பார்த்ததில்லை. அளவு தெரிந்த கரைசலைத் தட்டின் இரண்டு ஓரங்களிலும் போட வேண்டும். இடது ஓரத்தில் மேலே அடர்த்தி, கீழே வர வர வெளுப்பு. வலது ஓரத்தில் தலைகீழாக, கீழே அடர்த்தி, மேலே போகப் போக வெளுப்பு. தட்டின் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் கண்டுபிடிக்க அது உதவும் என்பார். நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு சங்கடம். தட்டை அப்படியே திருப்பிப் பிடித்தாலும் ஓரங்கள் அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும். ஒரு மூலையில் சின்னதாக வெட்டியிருப்பார்கள். எது மேல், எது கீழ் என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மஞ்சளை அளந்து எண்ணாக்கும் இயந்திரத்தை இதில் ஏமாற்ற முடியாது. வெட்டு மூலை சரியாக இருந்தால்தான் தட்டை உள்ளே வாங்கும். எண்கள் நேராக அரைப்புள்ளி அம்மாவின் கணினிக்குப் போய்விடும். எங்கள் கண்ணில் படாது.

ஆனால் மஞ்சள் எல்லோர் கண்ணிலும் படும்.

மஞ்சள் வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். மேலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இடமிருந்து எண்ணினேன். நான்கு, ஐந்து. தட்டில் வேறு எங்கும் இல்லாத அடர்மஞ்சள், ஒட்டி ஒட்டி இரண்டு குழிகள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. இயந்திரம் தயார் என்று சத்தம் கொடுத்தது. தட்டை அதற்குள் வைத்தேன், அது வாங்கிக்கொண்டது. கையுறையைக் கழற்றிக் கை கழுவினேன்.

மதியம் அக்காவோடு காரில் சுற்றுவது என் வியாழக்கிழமை வழக்கம். பின் சீட்டில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவேன். அன்று டப்பாவைத் திறக்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். நாற்பது வயது மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"டாக்டரே, கண்ணாடியப் பாருங்க" என்றாள் அக்கா. "உங்க மூஞ்சியப் பாக்க இல்ல, பின்னாடி வர்ற லாரியப் பாக்க."

"பாத்துட்டுதாங்க இருக்கேன்."

"கண்ணை மூடிட்டா? கிளட்சை மெதுவா விடுங்க. கடைவாய்ப் பல்லு மாதிரி வெடுக்குனு பிடுங்குறீங்களே."

"நான் பல்லை அப்படிப் பிடுங்க மாட்டேங்க."

"அப்ப அந்த மரியாதைய கிளட்சுக்கும் குடுங்க."

வண்டி ஒரு பூங்காவின் பின்தெருவில் நின்றது. நின்றது என்பதைவிட விக்கி அணைந்தது என்பது சரி. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று பல் டாக்டர் இறங்கிக் கடைப் பக்கம் நடந்தார். தப்பித்தோம் என்கிற நடை.

அக்கா முன் சீட்டிலேயே இருந்தாள். கற்றுக்கொடுப்பவருக்கென்று அந்தப் பக்கம் ஒரு பிரேக் உண்டு. அவள் குனிந்து அதைப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமாடி? கால் இதுமேல இருக்கா இல்லையான்னு இப்பல்லாம் குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன்."

"மரத்துப் போச்சா?"

"போன தடவை மருந்துலயே விரல் போச்சு. குதிகால் இருக்கு. குதிகாலாலதான் பிரேக்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுக்கு? அவரு பாட்டுக்கு நிம்மதியா லிப்டுக்கு எண்ணெய் போட்டுட்டு இருக்காரு."

மாமா லிப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதிக் கட்டடங்கள் ஏறி இறங்குவது அவர் கையால்தான் என்பார். மீதிப் பாதி பழுதாகி நிற்பதும் அவர் கையால்தான் என்பாள் அக்கா.

"வாராவாரம் அந்த மருந்து ஏறுச்சுன்னா குதிகாலும் போயிடும்" என்றாள். "வண்டிக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். அதுக்குப் பதிலா நாள் கிடைக்கும்னா சரி, குடுத்துடலாம். கிடைக்குமான்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. இருக்கலாம், இல்லாமலும் போகலாமாம். இதைச் சொல்ல அத்தனை வருஷம் படிக்கணுமா?"

மடியில் இருந்த சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்தேன்.

"நீ சொல்லுடி. நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று இன்னொரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பூங்காச் சுவருக்குள் யாரோ பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு அடி வரை எண்ணினேன்.

"மகள்கிட்டயே போயிடுக்கா" என்றேன்.

"ட்ரிப்ஸு?"

"வேணாம்."

"வேணாமா, இப்போதைக்கு வேணாமா?"

"வேணாம்."

அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் அந்தக் கண்கள் கொஞ்சம் சுருங்கின.

"எதையோ பாத்திருக்க நீ."

"ஒண்ணும் பாக்கலக்கா."

"பத்து வயசுல என் ஜியாமெட்ரி பாக்ஸை உடைச்சு வெச்சிட்டு இதே மூஞ்சியோடதான் நின்ன."

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல."

"சரி. கேக்கல."

அவள் கேட்கவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் விடாமல் இருக்கிறது. இரண்டு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால், எந்த மூலை, எந்தப் பக்கம் என்று அவள் கேள்வி மேல் கேள்வி போட்டு அங்கேயே பிடித்திருப்பாள். வண்டியை எதிர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்துகிற ஆட்கள் அவளுக்குப் பழக்கம்.

பல் டாக்டர் மூன்று பாட்டில் தண்ணீரோடு வந்தார்.

"ஒரு பாட்டில் வாங்கத்தானே போனீங்க?"

"கடைக்காரர் எத்தனைன்னு கேட்டார். பதட்டத்துல மூணுன்னுட்டேன்."

அக்கா சிரித்தாள். கதவில் சாய்ந்து, கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

நான்கு மணிக்கு அரைப்புள்ளி அம்மா என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். காலையில் போட்ட தட்டின் படம். எண்களோ ட்யூப் நம்பர்களோ இல்லை, நிறங்கள் மட்டும்.

"ஒரு ஜோடி மட்டும் ரொம்ப ஏறியிருக்கு. குமிழி கிமிழி இருந்துச்சா? இல்லன்னா கையெழுத்துப் போட்டுடு. ஆனால்..."

"எந்த ஜோடி டாக்டர்?"

"ஆறாம் வரிசை. எட்டு, ஒம்பது."

"மூணாம் வரிசையா?"

"ஆறு."

தாளை என் பக்கம் நகர்த்தினார். ஆறாம் வரிசையில், எட்டாவதும் ஒன்பதாவதும் அடர்மஞ்சள். மூன்றாம் வரிசையில் நான்காவதும் ஐந்தாவதும் அடர்த்தியும் இல்லை, வெளுப்பும் இல்லை. பக்கத்துக் குழிகளைப் போல ஒரு நடு மஞ்சள்.

தாளை வாங்கித் திருப்பினேன். தலைகீழாகப் பார்த்தேன். ஆறு மூன்றானது. ஒன்பது நான்கானது. ஓரங்கள் இரண்டும் எப்போதும் போலவே இருந்தன.

ஜன்னலுக்குப் போகும்போது தட்டை எந்தக் கையில் பிடித்திருந்தேன், வெட்டு மூலை எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். மூலையைப் பார்த்ததாகவே நினைவு இல்லை. பதினோரு வருட வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான்.

"என்ன, குமிழியா?" என்றார் அரைப்புள்ளி அம்மா.

"இல்ல டாக்டர். குமிழி இல்ல." கையெழுத்துப் போட்டேன். "டாக்டர், உங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நாளைக்குச் சொல்றேன். முதல்ல வேற ஒருத்தர்கிட்ட சொல்லணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அன்று ஒரே ஒரு முறை 'ஆனால்' வரவில்லை.

ஐந்தரைக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது மாமா கூடத்தில் நாற்காலி மேல் நின்று பரண்மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் கிரீஸ் கறை. என்னை அவர் கூப்பிடுவது 'லேப்பு' என்றுதான்.

"வா லேப்பு. இந்தப் பக்கம் பிடி. உங்க அக்கா ஒரே நாள்ல ராஜாங்கத்தை மாத்திட்டா."

"என்ன மாமா?"

"டிக்கெட் எடுத்தாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லியாச்சு. மகளுக்கும் சொல்லியாச்சு. அவ அங்க சந்தோஷத்துல அழுறா."

பெட்டி என் கையில் இருந்தது. கீழே வைத்தேன்.

அக்கா சமையலறை மேசையில் உட்கார்ந்து, கொண்டு போக வேண்டியவற்றை எழுதிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் குல்லா இரண்டு, இவருக்கு மாத்திரை, எனக்கு மாத்திரை. தலைகீழாக இருந்தும் படிக்க முடிந்தது.

"அக்கா."

"டீ போடவா?"

"வேணாம். உக்காரு. மாமா, நீங்களும் வாங்க."

உட்கார்ந்தார்கள். நான் நின்றேன். சொல்ல வேண்டியது மூன்று விஷயம் என்று வரும் வழியில் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். மேசைக்கு முன் அது எல்லாம் கலைந்துவிட்டது.

"மத்தியானம் நான் பொய் சொன்னேன். பாத்தேன். உன் ரத்தத்தைப் பாத்தேன்."

டேப்பின் காது, தட்டு, மஞ்சள் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகமாக இருப்பவர்கள் சீக்கிரம் போகிறார்கள் என்பதைச் சொல்லும்போது மாமாவின் கை மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியது, திறந்தது, மூடியது. அக்கா அசையவில்லை.

"அதான் போன்னு சொன்னேன். அதிகமா நாள் இல்லன்னு நினைச்சேன்."

"சரி" என்றாள் அக்கா.

"ஆனா அது உன் குழி இல்லக்கா. தட்டைத் தலைகீழாப் பிடிச்சுட்டேன். அது வேற யாரோ."

குளிர்சாதனப் பெட்டி ஓடி நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியது. வெளியே எதிர்வீட்டுக்காரர் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சும்மா இருக்கத் தெரியும். ஆனால் இது வேறு மாதிரி.

மாமாதான் முதலில் பேசினார். தான் சொல்லவில்லை என்று அவர் சாதிக்கும் வரி இதுதான்.

"லிப்டுல மாடி நம்பர் காட்டுற லைட்டு தப்பா எரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா லேப்பு? உள்ள இருக்கிறவன் வந்துட்டோம்னு கதவை இழுத்துத் திறந்து காலை வெப்பான். அங்க தரை இருக்காது."

சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் நின்றுகொண்டார்.

"என்னோடது என்ன நிறம்?" என்று கேட்டாள் அக்கா.

"நடு."

"நடுன்னா?"

"நடுன்னா நடுதான். அது ஒண்ணும் சொல்லல."

"அப்ப இன்னைக்குக் காலையில எனக்கு என்ன தெரியுமோ அதேதான் இப்பவும் தெரியும்."

"ஆமா."

அவள் பட்டியலை மடித்தாள். பிரித்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் சொல்லு. அந்தக் கருமஞ்சள் குழி என்னோடதாவே இருந்திருந்தா? எனக்கு எத்தனை நாள்?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. அது நூறு பேரை வெச்சுச் சொல்றது. அதிகமா இருக்கிற நூறு பேர்ல மூணு வருஷத்துல எழுபது பேர் போயிருப்பாங்க. முப்பது பேர் இருப்பாங்க."

"நான் எழுபதுல இருப்பேனா முப்பதுல இருப்பேனான்னு குழி சொல்லுமா?"

"சொல்லாது."

"இது உனக்குக் காலையிலயே தெரியும்."

"தெரியும்."

"பதினோரு வருஷமா அதே வேலை."

"ஆமாக்கா."

"அப்ப தப்பான குழியப் பாத்ததால மட்டும் நீ சொன்னது தப்பு இல்ல. சரியான குழியப் பாத்திருந்தாலும் தப்புதான். முப்பது பேரை உக்கார வெச்சு, எழுந்திரு போன்னு சொல்லியிருக்க."

நான் அழுதேனா என்று சரியாக நினைவில்லை. உட்கார நாற்காலியை மாமா தள்ளி வைத்தது நினைவிருக்கிறது.

"உன்கிட்ட கேட்டுட்டு நான் முடிவு பண்ணினதும் தப்புதான்" என்றாள் அக்கா, குரல் கொஞ்சம் இறங்கி. "நீ லேப்ல இருக்கிறியே, உனக்குத் தெரியும்னு. எல்லாத் தடவையும் நீதான் டாக்டர்கிட்ட பேசுவ, நான் பக்கத்துல உக்காந்து தலையாட்டுவேன். இனிமே அப்படி வேணாம். நாளைக்குக் காலையில நானும் இவரும் போறோம். நீ வர வேணாம்."

"அக்கா..."

"கோவத்துல சொல்லலடி. நீ இல்லாம ஒரு தடவை கேட்டுப் பாக்குறேன். என் கால், என் வண்டி, என் பேரப்பிள்ளை. இதெல்லாம் எந்தக் குழியில ஊத்தினீங்க நீங்க?"

பிறகு மாமாவைப் பார்த்தாள். "கால் மரத்துப் போனதை உங்ககிட்ட சொல்லல. அதையும் இப்பவே சொல்லிடுறேன். இன்னைக்கு வீட்ல எல்லாரும் உண்மை பேசுற நாள் போல."

"தெரியும்" என்றார் மாமா.

"எப்படித் தெரியும்?"

"மூணு மாசமா செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போற. நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

அக்காவுக்கு வந்த சிரிப்பு மத்தியானச் சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்புதான்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். வராண்டா விளக்கை அப்போதுதான் போட்டிருந்தார்கள்.

"அந்தக் குழிக்காரி யாருடி?"

"தெரியாதுக்கா. நம்பர்தான்."

"அவ இன்னைக்கு என்ன பண்ணிட்டு இருக்காளோ." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். "மகளுக்கு நீதான் போன் பண்ணணும். அம்மா வர்றது உறுதியில்லன்னு சொல்லு. ஏன்னும் சொல்லு. முழுசா சொல்லு."

தெருமுனையில் நின்று போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "சித்தி, அம்மாகிட்ட பேசினேன், டிக்கெட் எடுத்துட்டாங்களாம்!" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷம் இப்போதும் காதில் கேட்கிறது. நான் சொல்லி முடித்ததும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். அதை இங்கே எழுத இன்னும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை இவை.

வெள்ளிக்கிழமை காலை அரைப்புள்ளி அம்மாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். என்னை அந்த ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றைய நாற்பது ட்யூப்களையும் பக்கத்து மேசைக்காரி மறுபடி போட்டாள், நிறங்கள் மாறவில்லை. நான் இப்போது கீழ்மாடியில் சிறுநீர்ப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு ஓரங்களிலும் கரைசல் போடும் ஏற்பாட்டை அரைப்புள்ளி அம்மா மாற்றவில்லை. வெட்டு மூலையில் சிவப்பு மை வைக்க வேண்டும் என்று மட்டும் சேர்த்தார்.

பல் டாக்டர் மூன்றாவது தேர்வில் லைசென்ஸ் வாங்கினார்.

அக்கா டாக்டரிடம் தானே கேட்டாள். ட்ரிப்ஸைத் திங்கட்கிழமை தொடங்கினாள். பத்தாவது வாரம் குதிகாலும் மரத்ததும் தானே நிறுத்தினாள். காரை விட்டுவிட்டு, வகுப்பறையில் பலகைமேல் பொம்மைக் கார்களை வைத்துச் சாலை விதி சொல்லிக்கொடுத்தாள். மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அக்கா அப்போது அங்கே இல்லை. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது மகள் தூக்கிக்கொண்டு வந்தாள், அறுபது நாள் இருந்தாள். அந்த வியாழக்கிழமைக்குப் பின் அக்கா இருபத்தாறு மாதம் இருந்தாள். கடைசி மூன்று வாரம் தவிர மற்ற நாட்களெல்லாம் வீட்டில்தான்.

மாமா ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய கட்டடங்களில் லிப்ட் நின்றுவிட்டால் இன்னும் போன் வருகிறது, போகிறார். ஞாயிறு தோறும் நான் அவரோடு சாப்பிடுகிறேன். அக்கா செய்யச் சொன்ன அந்தத் தெருமுனைப் போனுக்குப் பிறகு மகள் என்னோடு பேச ஒரு வருடம் ஆயிற்று. இப்போது பேசுகிறாள்.

நான்கு வருடம் கழித்து ஆய்வு முடிந்து, எந்த நம்பருக்காரர் என்ன ஆனார் என்று திறந்து பார்த்தார்கள். ஏழாம் நம்பர் அதிகமாக இருந்தவர்களில் பெரும்பாலோர் சீக்கிரம் போயிருந்தார்கள், கணக்கு சரிதான். ஆறாம் வரிசை, எட்டாவது ஒன்பதாவது குழியை மட்டும் அரைப்புள்ளி அம்மா எனக்குக் காட்டினார். பெயர் இல்லை. ரத்தம் கொடுத்தபோது வயது நாற்பத்தொன்று. ஆய்வு முடிந்த நாளில் உயிரோடு இருந்தாள்.